ஆவணிக்குள் ஒரு மோதிரம்

"மழை பெய்தால் பெய்யட்டும்! அதுக்கு நீ ஏன் சாவீட்டில நிக்கிறவள் மாதிரி மூஞ்சையை வைச்சிருக்கிறாய்?"

குசினி வாசலில் நின்று இப்படிக் கேட்ட சிவநேசம், கேட்ட கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய முகம் ஒரு கணம் வெளிறிப்போனது. பயற்றம் பணியாரத்தைத் தகரப் பேணிகளில் அடுக்கிக்கொண்டிருந்த யோகராணி அதைக் கவனிக்கவில்லை. புருசனின் அக்காவிடம் நாலு சொல் வாங்காமல் அந்த வீட்டில் அவளுக்கு எந்த நாளும் விடிந்ததில்லை.

"ஒண்டுமில்லை மச்சாள்… பேஸ்மென்ற் குழாயால தண்ணி மேல வருது. கீழ கிடந்த சாமானெல்லாம் தூக்கி வைச்சுப்போட்டு இப்பதான் ஏறி வந்தனான். அதுதான் களைப்பு."

"களைப்பைக் கப்பலில ஆறலாம். சம்மந்தி ஆக்களுக்கு முன்னால சிரிச்ச முகத்தோட நில், அது போதும்."

கனடாவின் ரொக்ஸ்பரோவில் முதல் நாள் பின்னேரம் பிடித்த மழை விட்டபாடில்லை. தெருவோரத்து வடிகால்கள் வாங்கமாட்டாமல் தண்ணீரைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தன. இருந்தாலும் பயணம் நிற்கப்போவதில்லை. அன்று பின்னேரம் பழைய துறைமுகத்தில் இருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் இரண்டு குடும்பங்கள் போவதாக ஏற்பாடு. யோகராணியின் ஒரே மகள் சாருஜாவுக்கும், பக்கத்து ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் வதனியின் மகன் ரதீசனுக்கும் கப்பலிலேயே மோதிரம் மாற்றுவது. கடல் நடுவில் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ஆவணிக்குள் என்று சிவநேசம் கட்டளை போட்டாள். ஆவணி தப்பினால் புரட்டாசி. புரட்டாசியில் நல்ல காரியம் செய்கிற வழக்கம் இல்லை.

மகளின் காரியத்தில் யோகராணிக்குச் சந்தோசம் இல்லாமலா? இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. ரொறன்ரோவில் அவளுடைய ஒரே அண்ணன் சிவானந்தம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போன கிழமை அவருடைய மனைவி கிளி போன் எடுத்து, "உன்னைத்தான் கேக்கிறார் யோகா… ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போவன்!" என்று அழுதிருந்தாள்.

அதைப் புருசனிடம் சொன்னபோது உருத்திரமூர்த்தி வழக்கம்போலச் சீறவில்லை. "மோதிரம் மாத்தி முடியட்டும். கப்பலால இறங்கின அடுத்த நாள் நானே காரில கொண்டுபோய் விடுறன்" என்றார். யோகராணிக்கு நம்பவே முடியவில்லை. எத்தனை வருடமாக மூடிக் கிடந்த கதவு அது!

அந்தக் கதவு மூடிய கதையைச் சொல்லத்தான் வேண்டும். யோகராணியைக் கனடாவுக்குக் கூப்பிட்டவரே சிவானந்தம்தான். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடி, தங்கச்சியின் கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் தனக்குக் கலியாணம் என்று இருந்த மனிதர். சாருஜா பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டில் தாய்மாமனாக நின்று முதல் தண்ணீர் வார்ப்பதற்கு, பனிப்புயலுக்குள் ரொறன்ரோவில் இருந்து கார் ஓட்டி வந்தார். வழியில் வீதியை மூடிவிட்டார்கள். "நேரம் தப்பப்போகுது!" என்று சிவநேசம் வேறொருவரைப் பிடித்துத் தண்ணீர் வார்ப்பித்துவிட்டாள். சீர்த்தட்டத்தோடு பிந்தி வந்தவர் மண்டப வாசலில் நின்று பார்த்தார். தட்டத்தை அங்கேயே வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். உள் அறையில் மகளுக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்த யோகராணிக்கு அண்ணன் வந்ததையே ஒருவரும் சொல்லவில்லை. தங்கச்சி வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே என்ற மனக்குறை அவருக்கு. "என்ர வீட்டில கை நனைக்காமல் போனவன்ர வாசலை நீ மிதிக்கக்கூடாது!" என்ற வைராக்கியம் உருத்திரமூர்த்திக்கு. இரண்டுக்கும் நடுவில் நசிந்தவள் யோகராணி. பிள்ளை தகப்பனோடு ஒற்றுமையாக வளரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ…" சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்த புருசனிடம் மெல்லக் கேட்டாள். "என்ர போனைத் திருத்தக் குடுத்திட்டன் எண்டு சாருஜா சொல்லுறாள். உங்கட போனில ஒருக்கா ரொறன்ரோவுக்கு எடுத்துத் தாறியளே? அண்ணைக்கு எப்பிடியெண்டு மட்டும் கேட்டுப்போட்டு வைக்கிறன்."

உருத்திரமூர்த்தி சட்டைக் கையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"இப்பவோ? வாகனம் வந்து வாசலில நிக்குது. போட்டு வந்து ஆறுதலாய்க் கதைக்கலாம்… நட, நட!"

சாருஜா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள் யோகராணி.

டெக்காரி நெடுஞ்சாலை ஆறாக ஓடுகிறது என்று மூடியிருந்தார்கள். சந்து சந்தாகச் சுற்றித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தால், அங்கே அதைவிட மோசம். துறைமுகம் இருக்கிற ஆறு கரை ஏறவில்லை. மேட்டில் இருக்கிற நகரத்து மழைத்தண்ணீர் அத்தனையும் இறக்கத்துக்கு வந்து, நிலத்தடிக் குழாய்களும் பொங்கி, பயணிகள் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. மின்சாரம் இல்லை. லிஃப்ட் ஓடவில்லை. பம்புகள் இரைந்தன. மஞ்சள் சட்டை போட்டவர்கள் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கப்பல் மட்டும் இதுகளுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல வெள்ளை மாளிகையாக அப்பால் நின்றது. ஆக்களை ஏற்றுவது பிந்தும், பெட்டிகளை அவரவரே மேல்தளத்துக்குத் தூக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் முதலில் பிரெஞ்சிலும் பிறகு இங்கிலீசிலும் சொன்னார்கள்.

தூக்கியது யார்? யோகராணிதான்! புருசனுக்கு இடுப்பு வருத்தம். மச்சாளுக்கு மூச்சு வாங்கும். மகள் பட்டுச்சேலையில் நின்றாள். ரதீசன் தங்கள் பக்கத்துப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகாரப் பேணிகளைத் தலைக்கு மேலே பிடித்தபடி தண்ணீரை உழக்கிக்கொண்டு படியேறினாள். இறங்கி வந்து மோதிரத்தட்டத்தை எடுத்தாள். மறுபடி இறங்கி வந்து பெட்டிகளை எடுத்தாள்.

"அந்தப் பேணி நனைஞ்சு போச்செண்டால் சம்மந்தி வீட்டுக்கு என்னத்தைக் குடுக்கிறது? பார்த்துத் தூக்கு!" என்று உலர்ந்த வாங்குப் பலகையொன்றில் சம்மணம் கட்டி இருந்தபடி சிவநேசம் குரல் கொடுத்தாள்.

"ஏன் மச்சாள், நீங்களும் ஒரு பேணியை மடியில வைச்சிருங்கோவன். மடி நனையேல்லைத்தானே?"

யோகராணி சொன்னது பகிடிக்குத்தான். பக்கத்தில் நின்ற வதனி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "விடுங்கோ சம்மந்தி, நான் ஒண்டைத் தூக்கிறன்" என்று வந்து ஒரு பேணியை வாங்கிக்கொண்டாள். சிவநேசத்தின் முகம் கறுத்தது.

அப்போதுதான் தண்ணீர் தள்ளும் ரப்பர்க் கட்டையும் கையுமாக ஒருத்தி யோகராணியைக் கண்டு திகைத்து நின்றாள். அஞ்சலீனா! மட்டக்களப்புக்காரி. சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் யோகராணிக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள். இப்போது இந்தத் துறைமுகத்தில் வயோதிபர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குகிற வேலை. அன்றைக்கு எல்லோரையும் தண்ணீர் தள்ள விட்டிருந்தார்கள்.

"யோகாக்கா… நீங்க இஞ்சயா?" கட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "என்ன கா இது? ரொறன்ரோவுக்குப் போகல்லயா? அண்ணன்ட பெட்டி இண்டைக்குப் பின்னேரம் பார்வைக்கு வைக்கிற எண்டுதானே போட்டிருந்த… நாளைக்கு விடிய எடுக்கிறாங்களாமே! மரண அறிவித்தலில ஒங்கட பேரையும் கண்டன் கா. நேத்து எத்தின தரம் போன் அடிச்ச நான்… நீங்க எடுக்கவே இல்ல."

யோகராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆற்ற பெட்டி…?"

அஞ்சலீனாவின் கைகள் தளர்ந்தன. அவள் யோகராணியை விட்டுவிட்டு, பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள்.

"கடவுளே… ஒங்களுக்குத் தெரியாதா கா?"

யோகராணியும் திரும்பினாள். உருத்திரமூர்த்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவநேசம் வாங்கில் இருந்து எழும்பி மறுபடி இருந்தாள். சாருஜா மட்டும் விம்மி வெடித்தாள். தன் கைப்பையைத் திறந்து ஒரு போனை எடுத்து நீட்டினாள். திருத்தக் கொடுத்ததாகச் சொன்ன போன், ஒரு கீறல்கூட இல்லாமல்!

"அம்மா… முந்தநாள் மாமா… சிவநேசம் மாமிதான் சொன்னா, கப்பலால இறங்கினாப் பிறகு சொல்லலாம் எண்டு… உங்களைக் கஷ்டப்படுத்தக்கூடாது எண்டுதான் அம்மா…"

"நீயுமா பிள்ளை…?"

அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது. படியில் இருந்துவிட்டாள். தண்ணீர் இடுப்புவரை சேலையை நனைத்தது. அஞ்சலீனா தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. முந்தநாள் என்ற சொல்தான் தலைக்குள் சுற்றியது. முந்தநாள் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? சீனி அரியதரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள்! நேற்று முழுவதும் அடுப்படியில் நின்றாள்!

"மச்சாள்…" தலையை நிமிர்த்தினாள். "கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்க, என்னைக் கொண்டு எண்ணெய்ச் சட்டி வைப்பிச்சியளே? செத்த வீடெண்டால் அயலட்டைக்காரன்கூட எண்ணெய் காய்ச்சமாட்டானே… உருசி பார், உப்புப் பார் எண்டு என்ர வாயிலயும் வைப்பிச்சியளே!"

சிவநேசம் எழுந்தாள். அகப்பட்டுக்கொண்டவளின் கோபம் அவளுக்கு.

"ஓம், மறைச்சனான்தான்! ஆருக்காக மறைச்சனான்? நீ பெத்த பிள்ளைக்காக! கட்டிக்குடுத்த பொம்பிளைக்குப் பிறந்த வீட்டுச் சாவால துடக்கு தீட்டு இல்லையெண்டு எந்த ஐயரைக் கேட்டாலும் சொல்லுவார். எண்டாலும் நீ ஒப்பாரி வைச்சுக்கொண்டு நிண்டால் சம்மந்தி பகுதி என்ன நினைக்கும்? நல்ல காரியத்துக்கு முன்னால சாவெண்டு குழம்பிப் போடாதோ? ஆவணி தப்பினால் பேந்து எப்ப?"

"துடக்கு இல்லையெண்டால் ஏன் மறைச்சனீங்கள்? துடக்கெண்டால் ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

சிவநேசம் உருத்திரமூர்த்தியின் பக்கம் திரும்பினாள்.

"மெல்லக் கதை! சனம் பாக்குது…" என்றார் உருத்திரமூர்த்தி.

"பாக்கட்டும்! அண்டைக்குப் பனிக்குள்ள ஓடி வந்த மனுசனுக்காக ஒரு அரை மணித்தியாலம் பொறுக்க உங்களுக்கு மனம் வரேல்லை. நேரம் தப்புதெண்டியள். இண்டைக்கு ஒரு கப்பலுக்காக இவ்வளவு நேரமாய்த் தண்ணிக்குள்ள நிக்கிறியள். மோதிரம் மாத்தினாப் பிறகு காரில கொண்டுபோய் விடுவன் எண்டனீங்களே… எங்க விடுறதெண்டு நினைச்சனீங்கள்? சாம்பலுக்கு முன்னாலயோ?"

படியில் நின்ற வதனி கையில் இருந்த பேணியை மெல்லக் கீழே வைத்தாள். இவ்வளவு நேரமும் சிரித்த முகமாக நின்றவள்.

"உருத்திரமூர்த்தியண்ணை, எங்களுக்குப் பயந்தோ இதைச் செய்தனீங்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களே எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு உங்களோட செத்த வீட்டுக்கு வந்திருப்பமே! தை மாசம் மாத்தினால் மோதிரம் விரலில ஏறாதோ?"

"அப்பிடியில்லைத் தங்கச்சி, நல்ல நாள் பார்த்து…" என்று சிவநேசம் குழைந்தாள்.

"நாள் பார்த்தனீங்கள், மனுசரைப் பார்க்கேல்லை!" வதனியின் குரல் உடைந்தது. "பெத்த தாய்க்கு அவவின்ர அண்ணன்ர சாவை மறைச்ச வீடு, நாளைக்கு என்ர சாவை என்ர மகனுக்கு மறைக்காதெண்டு என்ன நிச்சயம்? இண்டைக்கு மோதிரமும் இல்லை, ஒண்டும் இல்லை. ரதீசன், பெட்டியளை இறக்கு!"

ரதீசன் சாருஜாவைப் பார்த்தான். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஐயோ… எல்லாம் பாழாய்ப் போச்சே! பார், உன்ர வாயாலதான்!" சிவநேசம் யோகராணியைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள்.

யோகராணி எழுந்து வதனியிடம் போனாள். சேலையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"பிள்ளையில கோபிக்காதேங்கோ, வதனி. அவள் பெரியாக்கள் சொன்னதைக் கேட்டவள். பெரியாக்கள் சொன்னதைக் கேள் எண்டு சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். ஆறுதலாய் யோசியுங்கோ. இப்ப எனக்கு நிக்க நேரமில்லை."

மேல்தளத்தில் இருந்து தன் கறுப்புக் கைப்பையை மட்டும் எடுத்து, மகளின் கையில் இருந்த போனை வாங்கி அதற்குள் போட்டாள். கழுத்தில் கிடந்த பெரிய அட்டியலைக் கழற்றி, மோதிரத்தட்டத்தின் மேல் வைத்தாள். சாவீட்டுக்கு அது எதற்கு?

"இந்தத் தண்ணிக்குள்ள எங்க போகப்போறாய்? நில்… நான் வாகனம் பிடிக்கிறன்." உருத்திரமூர்த்தி பின்னால் வந்தார். குரலில் முதல் தடவையாக அதிகாரம் இல்லை. "யோகா… நான் வேணுமெண்டு செய்யேல்லை…"

"நீங்கள் நில்லுங்கோ. உங்களோட வந்தால் வழி முழுக்க நான்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லவேணும். இண்டைக்கு எனக்கு ஏலாது."

போட்டு வாறன் என்று சொல்லாமல் அவள் புருசனை விட்டுப் போனது அதுதான் முதல் தரம். அஞ்சலீனா கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு தண்ணீரைக் கடந்தாள். மேட்டுத் தெருவில் ஏறியதும் ரயில் நிலையத்துக்கு வழி காட்டி, தன் மழைச்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். "நான் வேலையில நிக்கிற கா, இல்லாட்டி ஒங்களோடயே வந்திருப்பன்…" என்று அழுதாள்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. நிலையத்து வாங்கில் இருந்துகொண்டு யோகராணி போனைத் திறந்தாள். கிளி எடுத்துப் பதில் வராத அழைப்புகள் நிறைய. அந்த இலக்கத்தை அழுத்தினாள்.

"மச்சாள்… நான் யோகராணி…"

அந்தப் பக்கம் கிளியின் குரல் வந்தது. அழுது அழுது வற்றிப்போன குரல்.

"இப்பவாவது எடுத்தியே… உனக்கு வர மனமில்லையாம் எண்டு உன்ர மனுசன் போனில சொல்லிப்போட்டார். பிள்ளைக்கு நல்ல காரியமாம், குழப்பவேண்டாமாம். உன்ர அண்ணை பக்கத்தில கிடந்து கேட்டுக்கொண்டிருந்தவர் யோகா… 'அவள் சந்தோசமாய் இருக்கட்டும்' எண்டுதான் சொன்னார். பிறகு உன்ர பேரை எடுக்கேல்லை."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ரயில் நிலையத்தில் நிற்கிறோம், போகிற வருகிற வெள்ளைக்காரர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குழறினாள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது மச்சாள்! சத்தியமாய் எனக்குத் தெரியாது… என்னை ஏமாத்திப்போட்டினம்! அண்டைக்கு மண்டப வாசலுக்கு அண்ணை வந்ததும் எனக்குத் தெரியாது! ஒண்டுமே தெரியாது!"

கிளியும் அழுதாள். இரண்டு பேரும் அழுது ஓய்ந்த பிறகு, "வா" என்றாள். "எனக்கு ஏன் சொல்லுறாய்? வந்து அவருக்குச் சொல்லு. விடியுமட்டும் இஞ்சதான் கிடப்பார்."

போனை வைத்தாள். முகத்தை அஞ்சலீனாவின் மழைச்சட்டைக் கையால் துடைத்தாள். யாரோ முன்னால் வந்து நிற்பது தெரிந்தது.

சாருஜா. பட்டுச்சேலை முழங்கால்வரை சேறு. பூவைப் பிய்த்து எறிந்திருந்தாள். பின்னலில் இரண்டு ஊசிகள் மட்டும் தொங்கின. ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"அம்மா… நானும் வாறன். அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. ஆனால் வேண்டாமெண்டு மட்டும் சொல்லாதேங்கோ, ப்ளீஸ்…"

யோகராணி மகளைப் பார்த்தாள். கையை நீட்டி அணைக்கவில்லை. மனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாருஜா அந்த இடத்தில் ஒடுங்கி இருந்தாள்.

ரயிலுக்கு ஆட்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். தாயும் மகளும் போய்க் கடைசியில் நின்றார்கள்.

"அம்மா… அங்க கிளி மாமியிட்ட நான் என்ன சொல்லுறது? நான்தான் போனை ஒளிச்சு வைச்சனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதை. போய் உன்ர மாமான்ர முகத்தைப் பார். அழுகை வந்தால் அழு. வராட்டிச் சும்மா நில். ஆரும் பாக்கினமெண்டு மட்டும் அழாதை."

சாருஜா தலையாட்டினாள். கதவு திறந்தது. படியேறும்போது பட்டுச்சேலை காலில் சிக்கி மகள் தடுமாற, யோகராணியின் கை அவளை அறியாமலே நீண்டு, அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தது. உள்ளே போய் இருக்கும் வரைக்கும் அந்தப் பிடியை அவள் விடவில்லை.